வலையா, மூட்டையா?

போன வாரம் கதையைப் பாதியில் விட்டு, உங்களை ஓர் இறால் குளத்தின் கரையிலேயே நிற்க வைத்துவிட்டேன். கால் கடுத்திருக்கும். என்மேல் கோபமும் இருக்கும்.

சரி, வாருங்கள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிள்ளைக்குப் போவோம்.

கார்த்திகை மாதம். மழை விட்டுவிட்டது. கொண்டல் காற்று மட்டும் ஈரமாக வீசுகிறது. தூரத்தில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு கறுத்துத் தெரிகிறது. இறால் குளத்தின் கரைமேட்டில் ஒரு மனிதர். அவர் காலடியில் பிரிக்காத மருந்து மூட்டை. பத்தடி தள்ளி, சுருட்டிப் போட்ட வலை.

இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும். விடிவதற்குள்.

எதை எடுத்தார்?

சொல்கிறேன். அதற்கு முன் அவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். அவர் ஒருவர் அல்லர். 1994 கடைசியில் வெள்ளைப்புள்ளி நோய் நம் கடற்கரைக்குள் நுழைந்தது. அந்தப் பருவத்திலும் அடுத்து வந்த பருவங்களிலும் ஆந்திரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை இப்படிக் கரைமேட்டில் நின்றவர்கள் ஏராளம். அத்தனை பேரையும் ஓர் ஆளாக்கிக் கிள்ளையில் நிறுத்தியிருக்கிறேன். அவ்வளவுதான்.

இப்போது மணி நாலு.

இறால் வளர்ப்பவர்களுக்குப் பகலைவிடப் பொல்லாத நேரம் இது. இராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சு விடுகிறது, இறாலும் மூச்சு விடுகிறது. விடியும் முன்தான் தண்ணீரில் பிராணவாயு அடிமட்டத்துக்கு இறங்கும். காற்றூட்டும் ஏரேட்டர் நின்றால் குளமே நின்றுவிடும். அதனால் காவலாளி தூங்குவதில்லை. முதலாளியும் தூங்குவதில்லை.

காவலாளி செக் ட்ரேயைத் தூக்கிப் பார்க்கிறார். குளத்துக்குள் தொங்கவிட்ட வலைத்தட்டு அது. போட்ட தீவனத்தை இறால் தின்றதா இல்லையா என்று சொல்லும் ஒரே சாட்சி.

"அண்ணே, செத்த இங்க வாங்க."

"என்னடா?"

"தீனி அப்படியே கெடக்கு."

முந்தின நாள் சாயங்காலம் வரை தட்டு காலியாகத்தான் வந்தது. இப்போது நிறைந்து வருகிறது. அவர் டார்ச்சைத் தண்ணீர் ஓரம் அடிக்கிறார். அங்கே இறால்கள். அடியில் சேற்றோடு சேற்றாகக் கிடக்க வேண்டிய டைகர் இறால், கரையோரம் ஒதுங்கி மெல்ல நீந்துகிறது. கையை விட்டால் பிடிபடுகிறது. ஓடவில்லை.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். உடம்பு லேசாகச் சிவந்திருக்கிறது. தலை ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கட்டை விரலால் தேய்க்கிறார்.

போகவில்லை.

இந்த இடத்தில் அவர் மனதுக்குள் ஓடிய கணக்கை நாமும் போட்டுவிடுவோம். இல்லாவிட்டால் அவரைத் திட்டிவிட்டுச் சுலபமாகப் போய்விடுவோம். அது அநியாயம்.

குஞ்சு விட்டு எண்பது நாள் ஆகியிருக்கிறது. இப்போது பிடித்தால் கிலோவுக்கு அறுபது எழுபது நிற்கும். வியாபாரி அடிமாட்டு விலை கேட்பார். இன்னும் நாற்பது நாள் தாக்குப் பிடித்தால் கிலோவுக்கு முப்பது. முப்பது கவுண்ட் என்றால் அந்தக் காலத்தில் கம்பெனிக்காரன் குளக்கரைக்கே பணத்தோடு வருவான். டைகருக்கு அப்படி ஒரு மவுசு. நெல் போட்டவர்கள் நிலத்தைக் குளமாக வெட்டியது சும்மா இல்லை.

செலவு? குத்தகை, டீசல், குஞ்சு. செலவில் பாதிக்கு மேல் தீவனம். அந்தத் தீவனம் கடனில் வந்தது. கடன் கொடுத்தவர் தீவனக் கடைக்காரர். மூட்டையை விற்றவரும் அதே கடைக்காரர்தான்.

கடைக்காரர் கெட்டவரா? இல்லை. அவர் பணமும் அதே தண்ணீரில்தான் நீந்துகிறது. இறால் செத்தால் அவர் கடன் வசூலாகாது. "ஒண்ணும் ஆவாது, இதப் போட்டுப் பாருங்க" என்று அவர் சொன்னபோது உண்மையாகவே நம்பித்தான் சொன்னார்.

நம்ப ஒரு காரணமும் இருந்தது.

இறால் குஞ்சுத் தொட்டிகளிலும் சில சமயம் குளங்களிலும் இன்னொரு நோய் வரும். இராத்திரியில் தண்ணீர் மின்னும். கையால் கலக்கினால் பச்சை நீலமாக ஒளி ஓடும். பார்க்க அழகு. வளர்ப்பவருக்கு எமன். விப்ரியோ என்ற பாக்டீரியா குடும்பத்தின் வேலை அது. அதற்கு ஆன்டிபயாடிக் போட்டால் கேட்டது. ஒளி அணைந்தது, குஞ்சு பிழைத்தது. தன் கண்ணால் பார்த்தவனிடம் போய் மருந்து வேண்டாம் என்றால் கேட்பானா?

பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் பையனும் அதைத்தான் சொல்கிறான். "அன்னிக்கு மின்னிச்சே, அப்ப இதுதானே சார் காப்பாத்திச்சு."

வெள்ளாற்றங்கரையில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கிள்ளையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அங்கே நுண்ணோக்கி உண்டு. இறாலைப் பற்றிப் படித்தவர்கள் உண்டு. ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு யார் கதவைத் தட்டுவது? தட்டினாலும், இது இன்ன நோய் என்று அன்றைக்கே சோதித்துச் சொல்லும் வசதி அந்த ஆண்டுகளில் குளக்கரைக்கு வந்து சேரவில்லை.

கடைக்காரர் வீட்டுக் கதவு எந்நேரமும் திறக்கும்.

மணி நாலே முக்கால். ஒரு காக்கை வந்து கரையில் உட்காருகிறது. அடுத்து இன்னொன்று. இறால் சாகப்போவதை மனிதர்களுக்கு முன்பே அறிந்துகொள்பவை அவைதான். அவை கொத்தித் தூக்கிப்போய்ப் பக்கத்துக் குளத்தில் போட்டால் நோய் அங்கேயும் போகும்.

வலை எடுத்தால் இன்றைக்கே நஷ்டம். நிச்சயமான நஷ்டம்.

மூட்டையைப் பிரித்தால் ஒருவேளை...

அந்த "ஒருவேளை" எங்கிருந்து வந்தது? ஓர் உயிருக்கு நோய் வந்தால் அந்த உயிருக்கு மருந்து கொடுப்பது பழைய வழக்கம். நாட்டு வைத்தியர் செய்ததும் அதுதான், ஆங்கில டாக்டர் செய்ததும் அதுதான். தீவனத்தில் கலந்து, நோய் வந்ததற்கும் வராததற்கும் சேர்த்து ஊட்டுவது புது வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பிறந்தநாள் உண்டு. பிறந்த இடமும் உண்டு.

கோபிக்காதீர்கள். மனிதரைக் கரையில் விட்டுவிட்டு ஒரு நடை போய்வந்துவிடுவோம். அமெரிக்கா. நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊர். லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடம்.

1948. கிறிஸ்துமஸ் நாள்.

ஆய்வுக்கூடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. எல்லோருக்கும் விடுமுறை. ஒரே ஒருவர் மட்டும் வந்திருக்கிறார். பெயர் தாமஸ் ஜூக்ஸ். கோழித் தீவன ஆராய்ச்சிக்காரர். உதவியாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானே கோழிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து எடை போடப் போகிறார்.

அவர் எடை போடட்டும். அதற்குள் அந்தக் கட்டடத்தில் நான்கு மாதமாகக் காலியாகிவிட்ட ஒரு நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர் உட்கார்ந்த நாற்காலி அது.

எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்தார். அன்றைக்கு அது நம் சென்னை மாகாணம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் உடுத்திக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போய், முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டும் பெற்று வெளியே வந்தவர். அமெரிக்கா போனார். லெடர்லியின் ஆராய்ச்சித் துறைக்கே தலைவரானார். யானைக்கால் நோய்க்கு நம் கடலூர் மாவட்டத்தில் வீடுவீடாகக் கொண்டுவந்து கொடுத்தார்களே, டி.இ.சி. மாத்திரை, அது அவர் குழுவின் மருந்து. கிள்ளையில் அந்த மாத்திரையை விழுங்கியவர்கள் இன்றும் இருப்பார்கள். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அவர் தலைமையில்தான் பெஞ்சமின் டக்கர் என்ற எழுபது கடந்த தாவரவியல் பேராசிரியர் பல ஊர்களிலிருந்து வந்த மண்ணையெல்லாம் சலித்துக்கொண்டிருந்தார். மிசௌரியிலிருந்து வந்த வயல் மண்ணில் பொன்னிறமாக ஒரு நுண்ணுயிர் வளர்ந்தது. அது சுரந்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1948 கோடையில் உலகத்துக்கு அறிவித்தார்கள். சில வாரங்களில், ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது ஐம்பத்து மூன்று.

மனிதரைக் காப்பாற்றத்தான் அந்த மருந்து. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இப்போது தராசுக்கு வருவோம்.

ஜூக்ஸுக்கு இருந்த பிரச்சினை என்ன தெரியுமா? மீன் தூள். ஆமாம், கிள்ளை இறாலுக்குப் போடும் தீவனத்திலும் இருக்கிற அதே மீன் தூள்தான். வெறும் சோயாவைத் தின்ற கோழி சரியாக வளரவில்லை. மீன் தூளோ ஈரல் சாறோ சேர்த்தால் வளர்ந்தது. அவற்றுக்குள் ஏதோ ஒரு சத்து இருக்கிறது. பி12 என்று அப்போதுதான் அடையாளம் தெரிந்திருந்தது. ஆனால் மீன் தூள் விலை ஏறிக்கொண்டே போனது. மலிவாக அந்தச் சத்து வேறு எங்காவது கிடைக்குமா?

கம்பெனியில் ஆரியோமைசின் காய்ச்சி எடுத்த பிறகு மீந்த கசடு இருந்தது. நுண்ணுயிர் வளர்ந்த கசடு. அதிலும் பி12 இருக்கலாம். எறியப்போகும் குப்பைதானே, கோழிக்குப் போட்டுப் பார்த்தால் என்ன?

சிக்கனம். அதுதான் காரணம். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் அந்த அறையில் இல்லை.

ஒவ்வொரு கூண்டாகப் போகிறார். சத்தில்லாத தீவனம் தின்ற குஞ்சுகள்: நோஞ்சான். எதிர்பார்த்ததுதான். ஈரல் சாறு தின்றவை: நன்றாக இருக்கின்றன. அதுவும் எதிர்பார்த்ததுதான். கடைசியாகக் கசடு தின்ற கூட்டம்.

தராசு முள் தாண்டிப் போகிறது.

ஈரல் சாறு தின்றவற்றையும் தாண்டி.

பி12 மட்டும் என்றால் இவ்வளவு தூரம் தாண்டக் கூடாது. கசடில் வேறு ஏதோ இருக்கிறது. அந்த வேறு ஏதோ, முழுசாக வடியாமல் தங்கிவிட்ட ஆரியோமைசின் என்பது பிறகு தெளிவானது. நோயே இல்லாத குஞ்சு, மருந்தைத் துளித்துளியாகத் தின்று கொழுத்திருக்கிறது!

1950-ல் செய்தி வெளியே வந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்த ஆண்டே மருத்துவர் சீட்டு இல்லாமல் தீவனத்தில் கலக்க அரசு அனுமதி. கோழியிலிருந்து பன்றி, பன்றியிலிருந்து மாடு. பிறகு மீன். பிறகு இறால். ஜூக்ஸ் கடைசி வரை தன் கண்டுபிடிப்பை விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்த்தவர்களோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். பசித்த உலகத்துக்கு மலிவாக இறைச்சி கொடுத்ததில் என்ன தப்பு என்பது அவர் கட்சி.

அன்றைக்கு அவர் குஞ்சை எடை போட்டார். குஞ்சின் குடலில் இருந்த கோடானுகோடி கிருமிகளை யாரும் எடை போடவில்லை.

அந்தக் காலையில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

சரி. கிள்ளை. மணி ஐந்து. வானம் வெளுக்கிறது. ஏரேட்டர் தடதடக்கிறது.

அவர் மூட்டையைப் பிரித்தார்.

ஆமாம். பிரித்துவிட்டார். வலை சுருட்டியபடியே கிடந்தது.

உள்ளே வெள்ளைத் தூள். குளோராம்பெனிகால். நம் வீடுகளில் டைபாய்டுக்குக் கொடுத்த பழைய மருந்து. பெரியவர்கள் குளோரோமைசிடின் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நாக்கில் வைத்தால் வேப்பங்காய் தோற்றுவிடும். தண்ணீரில் போட்டதும் கரைந்து ஓடிவிடாமல் தீவனத்தோடு ஒட்ட வேண்டும். அதற்கு முட்டை. காவலாளி முட்டைகளை உடைத்து வெள்ளைக்கருவைப் பிரிக்கிறார். டெக்னீஷியன் பையன் தூளைக் கொட்டுகிறான். மூன்று பேரும் தார்ப்பாயில் தீவனத்தைப் பரப்பிக் கையாலேயே பிசறுகிறார்கள். கையுறையா? யார் கண்டது அதை.

நிழலில் உலர்த்தி, மதியத்துக்குள் குளத்தில் வீசிவிட்டார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். காலையில் செக் ட்ரேயில் என்ன பார்த்தோம்?

தீவனம் அப்படியே கிடந்தது.

நோய் கண்ட இறால் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது. அந்த இறாலுக்குத்தான் சாப்பாட்டில் மருந்து! தின்றவை, இன்னும் நோய் முற்றாத இறால்கள் மட்டும். மிச்சமெல்லாம் குளத்தின் அடியில், சேற்றில், மெல்லக் கரைந்தது.

இன்னொரு கொடுமை அதைவிடப் பெரிது. வெள்ளைப்புள்ளி நோய் பாக்டீரியாவால் வருவதல்ல. அது வைரஸ். ஆன்டிபயாடிக்குக்கு வைரஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கடையில் இருந்த அத்தனை மூட்டையையும் கொட்டியிருந்தாலும் அந்த வைரஸுக்கு ஒரு முடி உதிர்ந்திருக்காது. பலவீனப்பட்ட இறாலின் மேல் பின்னால் வந்து ஏறும் விப்ரியோவைக் கொஞ்சம் தட்டி வைத்திருக்கலாம். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

இரண்டாம் நாள் கரையோரம் செத்து ஒதுங்கியவை கூடையில் அள்ளும் அளவு. மூன்றாம் நாள் காக்கைக் கூட்டம் தென்னை மரத்தை மறைத்தது. இந்த நோய் ஒரு குளத்துக்குள் புகுந்தால் மூன்றிலிருந்து பத்து நாளில் குளத்தையே காலி செய்யும்.

நான்காம் நாள் அவர் வலையை எடுத்தார்.

முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய அதே வலை. அவசர அறுவடை. மிஞ்சியதைப் பிடித்து ஐஸ் பெட்டியில் அடுக்கினார்கள். லாரி வந்தது. பாதி விலை கூட இல்லை. ஆனால் இப்போது அந்த இறாலின் சதைக்குள் மூன்று நாள் முன்பு தின்ற மருந்து இருந்தது. மருந்து போட்டால் உடம்பிலிருந்து அது வெளியேறும் வரை காத்திருந்துதான் பிடிக்க வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் குளத்தில் யார் காத்திருப்பது?

இப்படித்தான் ஒரு மணி நேரத்துத் தவிப்பு ஏற்றுமதிப் பெட்டிக்குள் ஏறியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் குளோராம்பெனிகால் கூடாது என்று ஐரோப்பா சட்டம் போட்டதும் அதே 1994-தான். காரணம் கிருமி அல்ல, ரத்தம். மிக அரிதாகச் சிலருக்கு அந்த மருந்து எலும்பு மஜ்ஜையையே நிறுத்திவிடும். இவ்வளவு வரைக்கும் ஆபத்தில்லை என்று ஓர் அளவைச் சொல்ல முடியவில்லை. அதனால் அறவே கூடாது. கிள்ளைக் கரைக்கு அந்தச் செய்தி வரவில்லை. இறாலும் டாலரும் போய்வந்த அதே கப்பலில் சட்டம் மட்டும் ஏறவில்லை!

அடுத்த சில ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடுவோம். உங்களுக்குத் தெரிந்த கதைதான். வயலும் கிணறும் உப்பாகிவிட்டன என்று சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 டிசம்பரில், கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை இடிக்கச் சொன்னது. கெடு வந்தது, போனது. சீராய்வு மனுக்கள் வந்தன. 2005-ல் பண்ணைகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்கே தனிச் சட்டம் வந்தது. ஒரு பக்கம் போராட்டம், இன்னொரு பக்கம் கடன். இந்தக் கடற்கரையில் ஒரே குடும்பத்துக்குள் இரண்டு கட்சியும் இருந்தது.

பண்ணைக்காரர்களை உண்மையில் அசைத்தது டெல்லி அல்ல. ஐரோப்பாவின் துறைமுகங்கள்.

2001, 2002. ஆய்வுக்கூடங்களுக்குப் புதுக் கருவிகள் வந்துவிட்டன. சீனத்து இறால் சிக்கியது. 2002 ஜனவரியில் சீனாவிலிருந்து வரும் பிராணிப் பொருள்களையே ஐரோப்பா நிறுத்தியது. வியட்நாம், தாய்லாந்து, இந்தியா என்று மற்ற நாடுகளின் பெட்டிகளும் மாட்டின. குளோராம்பெனிகாலுக்கு அவர்கள் வைத்த கோடு என்ன தெரியுமா? நூறு கோடிப் பங்கில் 0.3 பங்கு. அந்த அளவு வரை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்றார்கள்.

உடனே பலர் வேறு மருந்துக்குத் தாவினார்கள். நைட்ரோபியூரான். சில மணி நேரத்தில் உடம்பில் காணாமல் போய்விடும், யாராலும் பிடிக்க முடியாது என்று பேச்சு. மருந்து காணாமல் போனது உண்மைதான். ஆனால் அது உடைந்து மிஞ்சிய துணுக்கு சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டது. வேகவைத்தாலும் வறுத்தாலும் விடவில்லை. விஞ்ஞானிகள் அந்தத் துணுக்கைத் தேடக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெட்டிகளும் மாட்டின.

இன்றைக்கு இறால் பிடிக்கும் முன்பே மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். பயன்படுத்தக் கூடாத மருந்துகளை வரிசைப்படுத்திய பட்டியல் ஆணையத்தின் ஏட்டில் இருக்கிறது. டைகர் போய் வனாமி என்ற வேறு வகை இறால் வந்துவிட்டது. 2016-ல் ஐரோப்பா நம் இறாலைத் துறைமுகத்தில் சோதிக்கும் அளவைப் பத்துப் பெட்டிக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒன்றாக உயர்த்தியது. அந்த அளவுக்கு நம்பிக்கை!

ஆக, பிரச்சினை தீர்ந்ததா?

அவசரப்படாதீர்கள். அந்தக் கருவிகள் தேடுவது எதை என்று கவனியுங்கள். மருந்தை. இறால் சதையில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கின்றன. அந்த மருந்துக்கு அடங்காமல் பிழைத்த கிருமி இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. மருந்து சில வாரங்களில் போய்விடும். பிழைத்தது போகுமா?

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. சோதனையெல்லாம் கப்பல் ஏறும் இறாலுக்கு. சிதம்பரம் மார்க்கெட்டில் நாம் கூறு கட்டி வாங்கும் இறாலுக்கு அத்தனை கருவியும் அத்தனை கண்டிப்பும் கிடையாது. ஐரோப்பியன் வயிற்றுக்கு உள்ள மதிப்பு நம் வயிற்றுக்கு இல்லை என்று நாமே முடிவு செய்துவிட்டோமா என்ன?

கிள்ளைக் குளத்தின் சேற்றுக்குத் திரும்புவோம். கரைந்த மருந்து அங்கேதான் கிடந்தது. சேற்றில் விப்ரியோ இருந்தது. சாதாரணக் கிருமிகள் செத்தன. எங்கோ ஒன்றிரண்டுக்கு அந்த மருந்தைத் தாங்கும் வித்தை தெரிந்திருந்தது. அவை சாகவில்லை. பக்கத்தில் போட்டிக்கு ஆளில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், தின்னாமல் கிடந்த தீவனம். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மடங்கு ஆனால் ஒரு பகல் ஓர் இரவில் என்ன கணக்கு வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அறுவடை முடிந்ததும் மடையைத் திறந்தார்கள். குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே உப்பனாற்றுக்குப் போனது. அங்கிருந்து காட்டுக் கால்வாய்களுக்கு. கிள்ளையை ஒட்டிய எம்.ஜி.ஆர். நகர் இருளர்கள் பறியோடு இறங்கி, வலையில்லாமல், வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் கால்வாய்கள். கழுத்தளவு அந்தத் தண்ணீரில் நிற்பவர்கள் அவர்கள்.

இந்த இடத்தில் கெட்டிக்கார வாசகர் ஒருவர் குறுக்கே கேட்பார். எனக்குத் தெரியும்.

"இருங்க சார். இறாலைக் கொல்லும் விப்ரியோ வேற. மனுஷனுக்கு டைபாய்டு கொடுக்கிற கிருமி வேற. குளத்துக் கிருமி மருந்துக்கு அடங்காட்டா இறால்காரருக்குத்தானே நஷ்டம்? எனக்கு என்ன?"

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. உலகத்துப் பெரிய டாக்டர்களே ரொம்ப நாள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிருமி கற்ற வித்தை அதன் பிள்ளைகளுக்கு மட்டும் போகும், ஜாதி விட்டு ஜாதி தாண்டாது என்று.

இந்தக் கேள்விக்கு விடை கிள்ளையில் இல்லை. நம் கரைமேட்டு மனிதர் மூட்டையைப் பிரிப்பதற்கு இருபத்திரண்டு வருடம் முன்பே, மேற்குக் கடற்கரையில், அதே குளோராம்பெனிகாலை வைத்து இருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

1972. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி.

டைபாய்டு நோயாளிகள் வருகிறார்கள். டைபாய்டு வந்தால் யாரும் பதறாத காலம் அது. குளோராம்பெனிகால் கொடுத்தால் சில நாளில் காய்ச்சல் இறங்கும். எந்த டாக்டருக்கும் கைகண்ட மருந்து.

கொடுத்தார்கள்.

காய்ச்சல் இறங்கவில்லை.

நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சி.கே. ஜயராம் பணிக்கரும் கே.என். விமலாவும் அந்த டைபாய்டு கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். மருந்துக்கு அது அசையவில்லை. அதோடு அவர்கள் விடவில்லை. குளோராம்பெனிகால் பட்டால் செத்துவிடும் வேறு ஜாதிக் கிருமி ஒன்றை, குடலில் வாழும் ஒரு சாதுவை, அதோடு சேர்த்து வளரவிட்டார்கள். பிறகு அந்தச் சாதுவை மட்டும் தனியே எடுத்து அதே குளோராம்பெனிகாலில் வைத்தார்கள்.

நியாயமாக அது செத்திருக்க வேண்டும்.

(தொடரும்)